அரைப் புள்ளியோடு வந்த பையன்: செஸ்ஸில் டிரா என்பது என்ன?

"ஜெயிச்சியா, தோத்தியா?"

வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் அம்மாச்சி கேட்டார். "ரெண்டும் இல்ல அம்மாச்சி, டிரா" என்றான் என் அக்கா மகன். "அதென்னடா ரெண்டுங்கெட்டான்? காலையில போனவன் மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்டு வந்து ஒண்ணுமில்லேங்கிற!"

காலாண்டு விடுமுறையில் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த ரேட்டிங் போட்டி (ஆட்டத் திறமைக்கு எண் தரும் போட்டி) அது. மதுரையில் பிள்ளைகளைச் செஸ் போட்டிக்குக் கூட்டிப் போகிறவர்களுக்குக் காட்சி மனப்பாடம். வாசலில் ஃபிளெக்ஸ். உள்ளே வரிசையாக மேசைகள், சுருட்டி எடுத்துவரும் பச்சை-வெள்ளை போர்டுகள். சுவரில் யாருக்கு யாரோடு ஆட்டம் என்ற பட்டியல். வெளியே வேப்பமரத்தடியில் டிபன் கேரியரோடு அப்பா அம்மாக்கள். பிள்ளை படியிறங்கி வரும்போதே முகத்தைப் பார்த்து முடிவைச் சொல்லிவிடுவார்கள். டிரா செய்த பிள்ளையின் முகம்தான் பிடிபடாது. அதைப் பார்த்துச் சிரிப்பதா திட்டுவதா என்று அவர்களுக்கும் தெரியாது. ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தைக் கோட்டை விட்டாயா என்று அங்கேயே ஆரம்பித்துவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தால் 1 புள்ளி, தோற்றால் 0, டிரா என்றால் இருவருக்கும் அரை. டெஸ்ட் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு டிரா என்ற சொல் புதிதல்ல. ஆனால் அங்கே நேரம் தீர்ந்துபோனால் டிரா. செஸ்ஸில் நேரம் தீர்ந்தால் பொதுவாகத் தோல்வி. எதிராளியிடம் மேட் செய்யவே (ராஜாவைத் தப்ப வழியில்லாமல் பிடிக்கவே) வழியில்லாத காய்கள் மட்டும் இருந்தால்தான் அப்போதும் டிரா. ஆக, செஸ் டிரா என்பது மழை வந்து ஆட்டம் நின்ற கதை இல்லை. பலகையில் ஏதோ ஒன்று நடந்துதான் அது வரும். அந்த ஏதோ ஒன்று ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. நகர்த்தல்களை எழுதிவைக்கும் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்காமல் அரைப் புள்ளியை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

அதனால் பையன் பையிலிருந்து ஷீட்டை எடுக்கச் சொல்லி, அம்மாச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் நகர்த்தலிலிருந்து போட்டுப் பார்த்தோம். நீங்களும் ஒரு போர்டை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வெள்ளைக் காய் ஆடுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலம் ஏ, பி, சி என்று எச் வரை எட்டுப் பத்திகள். கீழிருந்து மேல் 1 முதல் 8. வெள்ளை ராஜா ஈ1-ல் நிற்கும், கறுப்பு ராஜா ஈ8-ல். காய்களின் பெயரில் வீட்டுக்கு வீடு தகராறு உண்டு. நான் யானை என்பது மூலையில் நிற்பதை. பிஷப் என்பது குறுக்கே போவதை. அதை மந்திரி என்று சொல்லிப் பழகியவர்கள் மந்திரி என்றே வாசித்துக்கொள்ளலாம்.

பையன் கறுப்பு. எதிரே திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர். இவனுக்கு ரேட்டிங் 1480, அவருக்கு 1680.

வெள்ளை ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் வந்தது: ஈ4. கறுப்பும் அதையே செய்தது: ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அந்த ஈ5 சிப்பாயைக் குறிவைத்தது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து காவல் நின்றது. மூன்றாவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் பி5 வரை போய், காவல்காரக் குதிரைக்கு நேரே நின்றது. இந்த ஆரம்பத்துக்குப் பெயர் ரூய் லோபஸ். 1561-ல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரின் பெயர் அது. ஸ்பானிஷ் ஓபனிங் என்றும் சொல்வார்கள்.

ஓபனிங் என்றால் இவ்வளவுதான்: ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களில், பலரும் ஆடிப் பார்த்து, இப்படிப் போனால் மோசமில்லை என்று தடம் பதிந்துபோன பாதை. வயக்காட்டில் வரப்பு இருக்கிற மாதிரி. வரப்பை விட்டு இறங்கக் கூடாது என்று சட்டமில்லை, இறங்கினால் சேறு எங்கே என்று தெரியாது, அவ்வளவே. நம் விஷயத்துக்கு முக்கியமானது இது: வரப்பு எந்தத் திசையில் போகிறதோ, ஆட்டம் எப்படிப்பட்ட டிராவாக முடியக்கூடும் என்பதும் ஓரளவு அதை ஒட்டித்தான்.

மூன்றாவது நகர்த்தலுக்குப் பதிலாகப் பையன் இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தான். இது பெர்லின் தற்காப்பு. பன்னிரண்டு வயதுப் பையன் எதற்கடா இதை ஆடுகிறாய் என்று கேட்டேன். "ராணி சீக்கிரம் போயிரும் மாமா. ராணி இல்லேன்னா சட்டுனு மேட் ஆக மாட்டேன்ல" என்றான். சிரிப்பு வந்தாலும், அந்தப் பதிலில் பெர்லினின் சாரம் முக்கால்வாசி இருக்கிறது.

மேலே போவோம். வெள்ளை காஸ்லிங் செய்தது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி, ராஜாவை ஓரமாக ஒதுக்குவது). கறுப்புக் குதிரை ஈ4 சிப்பாயை வெட்டியது. வெள்ளை டி4 என்று இன்னொரு சிப்பாயைத் தள்ளி நடுவைத் திறந்தது. வெட்டின குதிரை டி6-க்குத் திரும்பி, வரும் வழியில் பி5 பிஷப்பைத் தாக்கியது. பிஷப் சும்மா சாகாமல் சி6 குதிரையை வெட்டிவிட்டுச் செத்தது, அதை வெட்டியது கறுப்பின் டி சிப்பாய். அடுத்து வெள்ளையின் டி4 சிப்பாய் ஈ5-ல் இருந்த கறுப்புச் சிப்பாயை வெட்டி அங்கே உட்கார்ந்தது. இந்தச் சிப்பாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டி2-ல் பிறந்து, டி4-க்குப் போய், இப்போது ஈ5-ல் இருக்கிறது. கடைசிவரை வரப்போவது இதுதான்.

அது டி6 குதிரையைத் தாக்குவதால், குதிரை எஃப்5-க்கு ஓடியது. எட்டாவது நகர்த்தலில் வெள்ளை ராணி டி பத்தியில் நேராக மேலேறிக் கறுப்பு ராணியை வெட்டி செக் சொன்னது. கறுப்பு ராஜா வேறு வழியில்லாமல் அந்த ராணியை வெட்டியது. எட்டு நகர்த்தலுக்குள் இரண்டு ராணியும் பெட்டிக்குள்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். கறுப்பு ராஜா நகர்ந்துவிட்டது, இனி காஸ்லிங் கிடையாது. சி6, சி7 என்று இரண்டு சிப்பாய்கள் ஒன்றின் பின் ஒன்றாக, பஸ்ஸில் ஏறக் காத்திருப்பவர்கள் போல நிற்கின்றன. பார்ப்பதற்குக் கறுப்பு நிலைமை பாவமாக இருக்கும். சிப்பாய்களை எண்ணிப் பாருங்கள்: ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நாலு, கறுப்புக்கு மூணு. ராணி பக்கத்தில் கறுப்புக்கு நாலு, வெள்ளைக்கு மூணு. சமம் மாதிரி தெரியும், சமமில்லை. வெள்ளையின் நாலு பேரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தால் ஒருவன் தப்பித்து எட்டாவது வரிசைக்குப் போய் ராணியாகலாம். கறுப்பின் நாலு பேரில் ஒருவன் இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறான். எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டுச் சிப்பாய் மட்டும் மிஞ்சினால் வெள்ளைக்குத்தான் நல்லது. அதற்கு ஈடாகக் கறுப்பிடம் இரண்டு பிஷப்புகளும் இருக்கின்றன. உள்ளே நுழைய ஓட்டை எதுவுமில்லை. வெள்ளை தட்டிக்கொண்டே இருக்கலாம், கதவு திறக்காது.

2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கேரி காஸ்பரோவுக்கு இதுதான் நடந்தது. 1985-லிருந்து சாம்பியனாக இருந்தவர். எதிரே விளாதிமிர் கிராம்னிக். காஸ்பரோவ் வெள்ளையில் ஈ4 ஆடியபோது கிராம்னிக் பெர்லினை எடுத்து வைத்தார். திரும்பத் திரும்ப மோதியும் அந்தச் சுவர் இடியவில்லை. 15 ஆட்டத்தில் காஸ்பரோவால் ஒன்றில்கூட ஜெயிக்க முடியவில்லை. கிராம்னிக் 8.5-6.5 என்று பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வெற்றி, 13 டிரா. அந்த டிராக்களை ரெண்டுங்கெட்டான் என்று யாராவது சொல்ல முடியுமா? பட்டத்தையே கொண்டுவந்தவை அவை. அன்றிலிருந்து பெர்லின் சுவர் என்று பெயரே நின்றுவிட்டது.

அதற்காகப் பெர்லின் ஆடினால் டிரா எழுதி வைத்தது என்று நினைக்கவேண்டாம். 2013-ல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் கறுப்பில் இதையே ஆடினார். நாலாவது ஆட்டத்தில் ஆனந்த் 64 நகர்த்தல் வரை போராடித்தான் டிரா வாங்கினார். ஆறாவது ஆட்டத்தில் அதே பெர்லினில் கறுப்பு ஜெயித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதற்கப்புறம்தான் இந்த ஓபனிங்கின் பெயரையே கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, டிரா எப்படியெல்லாம் வரும்?

பெர்லினுக்குள்ளேயே ஒரு சந்து இருக்கிறது. வெள்ளை ஆறாவது நகர்த்தலில் பிஷப்பால் வெட்டாமல், டி4 சிப்பாயால் ஈ5-ஐ வெட்டினால் ஆட்டம் வேறு பக்கம் திரும்பும். கறுப்புக் குதிரை பிஷப்பை வெட்டும், வெள்ளை ஏ4 என்று அந்தக் குதிரையை விரட்டும், குதிரைகள் டி4-ல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கடைசியில் வெள்ளை ராணி டி4-ல் வந்து நிற்கும், கறுப்பு ராணி டி6-ல். பத்து நகர்த்தல் முடிந்திருக்கும். இப்போது வெள்ளை ராணி ஈ4-க்குப் போய் செக் சொல்கிறது. கறுப்பு ராணி ஈ6-க்கு வந்து மறைக்கிறது. வெள்ளை ராணி திரும்ப டி4. கறுப்பு ராணி திரும்ப டி6. மறுபடி ஈ4 செக், ஈ6 மறைப்பு, டி4, டி6. மாசி வீதியைச் சுற்றிவிட்டு ஏறின இடத்திலேயே வந்து இறங்குகிற மாதிரி. 14-வது நகர்த்தலோடு ஆட்டம் டிரா. பெரிய கிராண்ட்மாஸ்டர்கள்கூட, இன்றைக்கு உடம்பு ஓயட்டும் என்று தோன்றினால் இந்தச் சந்தில் நுழைந்துவிடுவதுண்டு. எனக்கு இது பிடிக்காது. பிடிக்காது என்பதற்காகச் சட்டம் மாறாதே.

அந்தச் சட்டம்: ஒரே நிலை மூன்றாவது முறை வந்தால் டிரா கேட்கலாம். இங்கே பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வது அதிகம். நகர்த்தல் மூன்று முறை வந்தால் போதாது. பலகை முழுக்க அதே நிலை, அதே ஆள் நகர்த்தவேண்டிய முறை, காஸ்லிங் போன்ற உரிமைகளும் அப்படியே இருக்கவேண்டும். அடுத்தடுத்துதான் வரவேண்டும் என்றும் இல்லை, 20-வது நகர்த்தலில் ஒன்று, 31-ல் ஒன்று, 40-ல் ஒன்று என்று வந்தாலும் செல்லும். ஆனால் தானாக டிரா ஆகாது, கேட்கவேண்டும். மூன்றாவது முறையை உண்டாக்கும் நகர்த்தலை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, காயைத் தொடாமல், கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டுச் சொல்லவேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கு வாய்ப்பு போயிற்று. கேட்டது தப்பென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு பேருமே கேட்காமல் ஐந்தாவது முறையும் அதே நிலை வந்தால்தான் ஆர்பிட்டரே ஆட்டத்தை முடிப்பார்.

50 நகர்த்தல் விதியும் இப்படிக் கேட்டு வாங்குவதுதான். இருவரும் 50 நகர்த்தல் ஆடியும் ஒரு காயும் வெட்டுப்படவில்லை, ஒரு சிப்பாயும் நகரவில்லை என்றால் டிரா. 75 ஆகிவிட்டால் கேட்காமலே. ராஜாவுக்கு எதிரே ராஜா மட்டும், அல்லது ராஜாவோடு ஒற்றைக் குதிரையோ ஒற்றை பிஷப்போ மட்டும் என்றால் மேட் என்பதே நடக்காது, அப்போதே டிரா.

அப்புறம் கைகுலுக்கி டிரா. பேசி வாங்குவது. இதற்கு ஒரு மரியாதை உண்டு: உன் முறை வரும்போது, நீ நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் "டிரா?" என்று கேட்கவேண்டும். ஷீட்டில் ஒரு சமன் குறி போட்டுக்கொள்ளவேண்டும். எதிராளி வாயால் மறுக்கலாம், அல்லது காயைத் தொட்டுவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. ஒருமுறை கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது "டிராவா, டிராவா" என்று நச்சரித்தால் ஆர்பிட்டர் கண்டிப்பார். புதூரில் பக்கத்து மேசைச் சிறுவன் ஒருவனுக்கு அன்று அது நடந்தது.

பேசி வாங்கும் டிரா அளவு மீறினால் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான். 1984-ல் மாஸ்கோவில் உலகப் பட்டப் போட்டியில் கார்போவும் காஸ்பரோவும் ஆறு வெற்றி யாருக்கு முதலில் என்று ஆரம்பித்தார்கள். 48 ஆட்டம் முடிந்தபோது 40 டிரா. அதில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 17. அடுத்த வருடம் பிப்ரவரியில், முடிவில்லாமலே போட்டியை நிறுத்திவிட்டார்கள். 2018-ல் லண்டனில் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டமும் டிரா. ஆனால் அதில் முதல் ஆட்டம் 115 நகர்த்தல், ஏறக்குறைய ஏழு மணி நேரம். மேலே சொன்ன 14 நகர்த்தல் சந்தும் அரைப் புள்ளி, இந்த ஏழு மணி நேரமும் அரைப் புள்ளி. டிரா என்று கேள்விப்பட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நம் பையன் ஆட்டத்துக்கு வருவோம். நடுவில் நடந்ததை நீட்டவில்லை. கறுப்பின் பிஷப்புகளில் ஒன்று குதிரையோடு மாறியது, யானைகள் ஒரு ஜோடி போனது. 40-ஐத் தாண்டும்போது ஒரு சிப்பாயை இவன் கவனிக்காமல் விட்டான். ஷீட்டில் அந்த இடத்தில் பேனா அழுத்தி எழுதியிருக்கிறது. அங்கே அவனுக்குக் கை நடுங்கியிருக்கும். பிறகு ஒவ்வொன்றாக மாறி, கடைசி யானை ஜோடியும் மாறியது. ஒரு சிப்பாய் அதிகம், இனி ஜெயித்தாயிற்று என்று அந்தக் கல்லூரிப் பையன் நினைத்திருப்பார். யானைகள் பலகையில் இருந்திருந்தால் இன்னும் பல விதமாகத் தொல்லை கொடுத்திருக்கலாம். மாற்றினதும் மிஞ்சியது மூன்றே காய்: இரண்டு ராஜா, ஒரு வெள்ளைச் சிப்பாய். எந்தச் சிப்பாய்? டி2-ல் பிறந்து ஈ5-ல் உட்கார்ந்த அதே சிப்பாய்.

வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் ஈ5, கறுப்பு ராஜா எஃப்7. வெள்ளையின் முறை. சிப்பாய் ஈ6-க்கு வந்து செக் சொன்னது. கறுப்பு ராஜா ஈ7-க்குப் போய்ச் சிப்பாயின் மூக்குக்கு நேரே நின்றது. வெள்ளை ராஜா ஈ5-க்கு வந்து சிப்பாயின் பின்னால் காவல்.

இப்போது கறுப்பு நகரவேண்டும். ஈ7-ல் நிற்க முடியாது, முறை வந்துவிட்டால் செஸ்ஸில் சும்மா இருக்க அனுமதி கிடையாது. பின்னால் போக மூன்று கட்டம்: டி8, ஈ8, எஃப்8. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டு தோல்வி, ஒன்று டிரா.

டி8-க்குப் போனால்? வெள்ளை ராஜா டி6-க்கு வந்து நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்கும். கறுப்பு ஈ8-க்கு வரும். சிப்பாய் ஈ7. இப்போது கறுப்பு ராஜாவுக்கு எஃப்7 ஒன்றே வழி, அங்கே போகும். வெள்ளை ராஜா டி7-க்கு வந்து, சிப்பாய் போய்ச் சேரும் கட்டத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும். அடுத்து சிப்பாய் ராணியாகிவிடும். எஃப்8-க்குப் போனாலும் இதே கதை, பக்கம் மட்டும் மாறும்.

ஈ8-க்கு, நேர் பின்னால் போனால்? வெள்ளை ராஜா டி6-க்கு வந்தால் கறுப்பு டி8-க்கு வந்து எதிரே நிற்கும். எஃப்6-க்கு வந்தால் எஃப்8. எந்தப் பக்கம் வந்தாலும் கண்ணாடியில் தெரிவது போல எதிரே. வெள்ளை ராஜா டி6, கறுப்பு டி8 என்று வையுங்கள். சிப்பாய் ஈ7-க்கு வந்து செக். கறுப்பு ராஜா ஈ8-க்கு வந்து சிப்பாயின் முன்னால் உட்கார்ந்துவிடும். இனி வெள்ளைக்கு இரண்டே வழி. சிப்பாயை விட்டு விலகினால் கறுப்பு அதைத் தின்றுவிடும். காப்பாற்ற ராஜா ஈ6-க்கு வந்தால், கறுப்புக்கு நகர ஒரு கட்டம்கூட இருக்காது, செக்கும் இருக்காது. அதுதான் ஸ்டேல்மேட். டிரா.

பையன் ஈ8-க்குத்தான் போயிருக்கிறான். ஷீட்டில் அந்த நகர்த்தலுக்கு முன்னும் பின்னும் எழுதியிருந்த மிச்ச நேரத்தைப் பார்த்தேன், 11 நிமிடம் யோசித்திருக்கிறான். "தெரியும் மாமா, ஆனா ஒருவேளை தப்பா ஞாபகம் இருந்தா?" என்றான்.

ஸ்டேல்மேட் என்றதும் அம்மாச்சிக்குத் தாங்கவில்லை. "நகர எடமில்லாம அடைஞ்சு போச்சுன்னா தோத்துட்டான்தானே? எங்க மேலூர்ல மந்தைக் கல்லுல ஆடுபுலி ஆடுவோம். புலிய நகர விடாம கட்டிட்டா ஆட்டுக்காரன் ஜெயிச்சான்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. புலியை அடைப்பதுதான் ஆட்டமே, அடைந்த புலி தோற்ற புலி. அந்த ஆட்டத்தில் வளர்ந்த கண்ணுக்குச் செஸ்ஸின் விதி விசித்திரமாகத்தான் தெரியும். செஸ்ஸிலும் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், எதிராளியை அப்படி அடைத்துவிட்டவர்தான் தோற்றவர் என்று வைத்திருந்தார்கள்! 19-ஆம் நூற்றாண்டில்தான் டிரா என்று நிலைத்தது. செஸ் ராஜாவைக் கொல்ல வேண்டுமானால் செக் சொல்லிக் கொல்லவேண்டும். செக் இல்லாமல் அடைத்தால் அது கொலை ஆகாது. ஒரு சிப்பாய், ஒரு யானை என்று குறைவாக வைத்திருப்பவனுக்கு மிஞ்சியிருக்கும் கடைசி ஒளிவிடம் இந்த விதி. இதை எடுத்துவிட்டால் இன்றைக்கு டிராவாகும் எத்தனையோ முடிவுகள் சிப்பாய் அதிகமுள்ளவனுக்கு வெற்றியாகிவிடும். பையன் ஆட்டமும் அதில் ஒன்று.

இது வெறும் சின்னப் பிள்ளை விவகாரம் இல்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டி. குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5. கடைசி, 14-வது ஆட்டம். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிரா என்று எல்லோரும் எழுதிவிட்ட நிலை. 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். குகேஷ் யானையை மாற்றினார், பிஷப்பையும் மாற்ற வழி கிடைத்தது. அப்படி மாறினால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், அது குகேஷுக்கு வெற்றி. டிங் விட்டுக்கொடுத்தார். 18 வயதில் உலக சாம்பியன். டிரா என்பது கையெழுத்துப் போடும்வரை டிரா இல்லை. அன்று குகேஷ் அதற்கு முன்பே கையை நீட்டியிருந்தால் பட்டம் டைபிரேக்கருக்கு (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டங்களுக்கு) போயிருக்கும்.

அம்மாச்சிக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி: அரைப் புள்ளியால் இவனுக்கு என்ன லாபம்? 200 ரேட்டிங் அதிகமுள்ளவரோடு ஆடினால் இவன் சராசரியாக எடுக்கவேண்டியது 0.24 புள்ளி என்று ஒரு அட்டவணை சொல்கிறது. எடுத்தது 0.5. கூடுதல் 0.26. அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அதை 40-ஆல் பெருக்குவார்கள்: 10.4 ஏறும். எதிராளிக்கு இறங்கும். ஆக, அதே டிராவில் ஒருவர் படியிறங்கும்போது பருத்திப்பால் குடிக்கத் தெம்போடு போவார், இன்னொருவர் யாரிடமும் பேசாமல் மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிப்பார்.

வீட்டில் பழக ஒன்று சொல்கிறேன். மேலே சொன்ன நிலையைத் திரும்பத் திரும்ப இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள், கறுப்பு ராஜா கண்ணை மூடிக்கொண்டு ஈ8-க்குப் போகும் வரை. அது கைவந்த பிறகு ஒரே ஒரு மாற்றம்: வெள்ளை ராஜாவை சிப்பாய்க்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வையுங்கள். ராஜா ஈ6, சிப்பாய் ஈ5, கறுப்பு ராஜா ஈ8. அதே மூன்று காய். இப்போது யார் முதலில் நகர்ந்தாலும் வெள்ளை ஜெயிக்கும். சிப்பாயைத் தள்ளுவதற்கு முன் ராஜா போய் வழியை அடைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவே.

அன்று இரவு அம்மாச்சிக்கு வெள்ளையைக் கொடுத்தோம். முதலில் பின்னால் ராஜா. நாலு தடவை ஆடினார், நாலும் ஸ்டேல்மேட். "இதுல ஏதோ வெனை இருக்கு" என்றார். பிறகு ராஜாவை ஈ6-ல் வைத்துக் கொடுத்தோம். மூன்றாவது தடவையில் சிப்பாயை எட்டாவது வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ராணியை எடுத்து வைக்கக்கூட மறந்து, "இப்ப ஜெயிச்சேனா, டிராவா?" என்று கேட்டார்.